டிவியை அணைக்கலாமா? எடிட் மேசையில் உட்கார்ந்திருந்தவனின் பதில்

கேள்வி இது: "ரியாலிட்டி ஷோக்கள் சமூகத்தைக் கெடுக்கின்றனவா, இல்லை சமூகத்தில் இருப்பதைத்தான் காட்டுகின்றனவா? எங்கள் வீட்டில் தினமும் இரவு இதற்காகவே சண்டை. அப்பா டிவியை அணைக்கச் சொல்கிறார். அம்மா, நாள் முழுக்க உழைத்துவிட்டு இதைக்கூடப் பார்க்கக் கூடாதா என்கிறார். யார் பக்கம் நியாயம்?"

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. ஏழெட்டு வருடம் தொலைக்காட்சியில் எடிட்டராக வேலை பார்த்தவன். அதில் பாதி ரியாலிட்டி நிகழ்ச்சிகள். சேனல் பெயர் வேண்டாம். இப்போது அந்த வேலையில் இல்லை.

உங்கள் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. உடை, காதல், கெட்ட பேச்சு, கலாச்சாரம். அதில் எனக்குப் பெரிய உடன்பாடு இல்லை. மாலை நேர சீரியலில் மருமகள் பாலில் விஷம் கலக்கிறாள், அதைக் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கிறோம், யாரும் கலாச்சாரம் போச்சு என்று எழுந்து போவதில்லை. என் கவலை வேறு. முன்பின் தெரியாத ஒருவரை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு "இவன் நல்லவன், இவள் நடிக்கிறாள்" என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை இந்த நிகழ்ச்சிகள் நமக்கு ஏற்றிவிட்டன. அந்தத் தீர்ப்புக்கு வேண்டிய சாட்சியை என்னைப் போன்றவர்கள் வெட்டி ஒட்டித் தயார் செய்கிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு பாட்டுப் போட்டி. ஒரு பையன் தோற்றுப்போய் மேடையில் அழுகிறான். கூடப் போட்டியிட்ட ஒரு பெண் ஓரமாக நிற்கிறாள். அவள் சிரிக்கிற ஷாட் ஒன்று எங்கள் கையில் இருந்தது. அவள் சிரித்தது அதற்கு மூன்று மணி நேரம் முன்னால், லைட்மேன் ஒருவர் ஒயரில் தடுக்கி விழப் பார்த்தபோது. அந்தச் சிரிப்பை எடுத்து இந்த அழுகைக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒன்றரை வினாடிதான். கீழே ஒரு சவுண்ட் எஃபெக்ட். அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் அப்பா போன் செய்தார். காலேஜில் எல்லோரும் அவளைப் பொறாமைக்காரி என்கிறார்களாம். "என் பொண்ணு அப்ப சிரிக்கவே இல்லீங்க சார்" என்றார். எனக்குத் தெரியாதா? வைத்ததே நான்தான். "விசாரிக்கிறேன் சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். யாரை விசாரிப்பது?

இதைச் சதி என்று நினைக்க வேண்டாம். அந்த அறையில் இருந்த யாருக்கும் அந்தப் பெண்மேல் கோபம் கிடையாது. எபிசோடு தொய்வாக இருந்தது, அவ்வளவுதான். பிக்பாஸ் மாதிரி ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பேர், விழித்திருக்கும் நேரம் பதினாறு மணி என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 240 மணி நேரம் ஆகிறது. ஒளிபரப்பாவது விளம்பரம் போக ஒரு மணி நேரத்தை ஒட்டி. மீதியில் என்ன இருக்கும்? சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், சளி பிடித்தவருக்கு ஒருவர் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுப்பார். கெட்டவர் என்று வீடே முடிவு செய்த ஆள்தான் அந்தச் சுக்குத் தண்ணீரைப் போட்டிருப்பார். அது வராது. சண்டை வரும்.

ஏன் சண்டைதான் வர வேண்டும் என்றால், வியாழக்கிழமை. அன்றைக்குத்தான், எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பு முந்தைய வாரத்து ரேட்டிங்கை வெளியிடும். இன்னும் எல்லோரும் டி.ஆர்.பி. என்றுதான் சொல்கிறோம். 2020 கணக்குப்படி இந்தியாவில் டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி. அளவெடுக்கும் மீட்டர் பொருத்திய வீடுகள் அப்போது ஏறக்குறைய 44,000. ஆக, ஒரு பெட்டி கிட்டத்தட்ட 4,800 வீடுகளுக்காகப் பேசுகிறது. அந்தப் பெட்டி உள்ள வீட்டில் ஒரு பாட்டி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு டீ போடப் போனாலும் எங்களுக்கு அது நல்ல வாரம். அந்த எண்ணை வைத்துத்தான் பத்து வினாடி விளம்பரத்துக்கு எவ்வளவு என்று பேரம் நடக்கிறது. எடிட் அறையில் யாரும் சமூகத்தைக் கெடுப்போம் என்று கிளம்புவதில்லை. வியாழக்கிழமை திட்டு வாங்காமல் இருந்தால் போதும் என்றுதான் உட்காருகிறோம்.

சரி, தீர்ப்புச் சொல்லும் பழக்கம் என்றேன். பிக்பாஸுக்கு முன்னாலேயே அது நம் ஊரில் வேர் பிடித்துவிட்டது. ஜீ தமிழின் 'சொல்வதெல்லாம் உண்மை' நினைவிருக்கும். முதலில் நிர்மலா பெரியசாமி, அப்புறம் நீண்ட காலம் லட்சுமி ராமகிருஷ்ணன் நடத்தினார்கள். கணவன் ஓடிப்போனது, மனைவிமேல் சந்தேகம், பிள்ளை யாருடையது என்ற தகராறு எல்லாம் சாப்பாட்டோடு பரிமாறப்பட்டது. ஒன்றைக் கவனியுங்கள். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11வது பிரிவின்படி, கணவன் மனைவி இருவரில் ஒருவர் கேட்டாலே போதும், விசாரணையை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும். காரணம் எளிது. வழக்கு முடிந்த பிறகும் அவர்கள் அதே தெருவில் குடியிருக்க வேண்டும், பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். டிவி பஞ்சாயத்து அந்தக் கதவைக் கழற்றி வைத்துவிட்டது. குழந்தையின் முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்பார்கள். அம்மா, அப்பா, பாட்டி, ஊர்ப்பெயர் எல்லாம் தெளிவாகத் தெரியும்போது அந்த ஒரு முகத்தை மங்கலாக்கி யாருக்கு என்ன பயன்?

ஆனால் அங்கே போனவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. காவல் நிலையத்தில் "குடும்ப விஷயம்மா, போய் அனுசரிச்சுப் போ" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் பலர். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை, வாய்தாவுக்கு வாய்தா அலைய நாள் கூலியை விட முடியாது. கேமரா வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் கணவன் வருகிறான், பயப்படுகிறான், பதில் சொல்கிறான். அது ஒரு நிஜமான உதவி. இந்த மாதிரி நிகழ்ச்சி ஓடுகிறது என்றால் நம் காவல் நிலையமும் நீதிமன்றமும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். 2018இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. தடை வந்ததும் பலர் கைதட்டினார்கள். அந்தப் பெண்கள் அதற்கப்புறம் எங்கே போனார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" என்பது அந்த மேடையில் பிறந்த வசனம். மிமிக்ரிக்காரர்கள் எடுத்தார்கள், மீம் ஆனது, சினிமாப் பாட்டு வரைக்கும் போனது. நானும் சிரித்தேன், அதை வைத்து ஒரு காமெடி நிகழ்ச்சியை எடிட்டும் செய்தேன். அந்த வசனம் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அவரை நினைத்துப் பார்க்கவே எனக்கு வருடங்கள் ஆயின.

நம் ஊர்ப் பஞ்சாயத்தும் இப்படித்தானே என்று கேட்கலாம். அதுவும் ஒன்றும் கோயில் இல்லை. சாதி பார்த்துத் தீர்ப்புச் சொன்ன ஆலமரங்கள் நிறைய. ஆனாலும் ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொன்னவர் மறுநாள் காலை அதே ஆளை வாய்க்கால் வரப்பில் பார்த்தாக வேண்டும். தப்பாகச் சொல்லியிருந்தால் அந்த முகம் அவரைத் துரத்தும். சோபாவில் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவருக்கு அப்படி ஒரு மறுநாள் காலையே கிடையாது.

இப்போது பிக்பாஸுக்கு வருவோம். 1999 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஜான் டி மோல் என்ற தயாரிப்பாளர் 'பிக் பிரதர்' என்று தொடங்கிய வடிவம் இது. 2006இல் இந்திக்கும், 2017 ஜூன் 25 அன்று விஜய் டிவி வழியாகத் தமிழுக்கும் வந்தது. பூந்தமல்லி பக்கம் செம்பரம்பாக்கத்தில் செட், தொகுத்து வழங்க கமல்ஹாசன். 'இருப்பதைக் காட்டுகிறதா, இல்லாததைக் கற்றுக்கொடுக்கிறதா' என்ற உங்கள் கேள்விக்கு இந்த நிகழ்ச்சியில் நடந்த ஒரு சம்பவமே பதில் சொல்லும்.

2019 ஜூலை கடைசி, மூன்றாவது சீசன். வார இறுதி எபிசோடில் பேருந்து நெரிசலைப் பற்றியும் அதில் பெண்களை உரசுகிறவர்களைப் பற்றியும் கமல் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருந்த நடிகர் சரவணன், கல்லூரி நாட்களில் தானும் அதற்காகவே பஸ்ஸில் போனதாகச் சொன்னார். அரங்கத்தில் சிரிப்பு, கைதட்டல். பாடகி சின்மயி, கைதட்டியவர்களில் பெண்களும் இருந்ததைச் சுட்டிக்காட்டி ட்விட்டரில் கண்டித்தார். எதிர்ப்பு பெரிதானது. சரவணன் வருத்தம் தெரிவித்தார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் கன்ஃபெஷன் ரூமுக்கு அழைத்து அப்படியே வெளியே அனுப்பினார்கள்.

அந்தச் சிரிப்பை டிவி உருவாக்கவில்லை. 27பி பஸ்ஸில் நின்றுகொண்டு போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வார், அந்த மனநிலை எத்தனை வருடப் பழசு என்று. அந்த அளவுக்கு டிவி கண்ணாடிதான். ஆனால் அது நேரலை இல்லை. பதிவு செய்து, பார்த்து, வெட்டி, ஒளிபரப்பிய நிகழ்ச்சி. எடிட்டர் பார்த்திருப்பார், அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். அத்தனை பேர் கண்ணிலும் அது தப்பாகப் படவில்லை, அல்லது பட்டும் 'நல்லா இருக்கு, விடு' என்று தோன்றியிருக்கிறது. அந்தச் சிரிப்பு ஒளிபரப்பானதும் வீட்டில் பார்க்கிற பதினைந்து வயதுப் பையனுக்கு 'இதற்குச் சிரிக்கலாம் போல' என்று ஓர் அனுமதி கிடைத்துவிடுகிறது. முதல் சீசனில் 'சேரி' என்ற சொல்லை ஒரு போட்டியாளர் வசவாகப் பயன்படுத்தியதும் இதே வழியில்தான் வெளியே வந்தது. கண்டனமும் வக்கீல் நோட்டீஸும் வந்தன. ஒளிபரப்புக்கு முன்பே அதை வெட்ட ஒரு விநாடி போதும். எனக்குத் தெரியும், நான் அந்தக் கத்தரியைப் பிடித்தவன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சர்ச்சை வந்த பிறகு தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் முதல் முறையாக ஒரு பெண் தன் அப்பா முன்னால் பஸ்ஸில் தனக்கு நடந்ததைப் பேசியிருப்பாள்? என் அக்கா பேசினார். நாற்பத்தாறு வயதில். அதுவரை எனக்குத் தெரியாது.

ஊடகத்தின் விளைவைக் கூட்டிக் கழித்து ஒற்றைப் பதிலாகச் சொல்ல முடியாது என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணம், ஜேட் குடி என்ற இங்கிலாந்துப் பெண்ணின் கதை. லண்டனில் வறுமையும் போதையும் நிறைந்த குடும்பத்தில் வளர்ந்தவர். 2002இல், 20 வயதில் பிரிட்டிஷ் பிக் பிரதரில் நுழைந்தார். அவருடைய பொது அறிவையும் உடம்பையும் கேலி செய்து பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அந்தக் கேலியே அவரைப் பணக்காரராக்கியது. 2007 ஜனவரியில் பிரபலங்களுக்கான பிக் பிரதரில் அவரும் நம் ஷில்பா ஷெட்டியும் ஒரே வீட்டில். ஷில்பாவை அவர் 'ஷில்பா பப்படம்' என்று கூப்பிட்டதும், அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து நடத்திய விதமும் இனவெறி என்று வெடித்தது. அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமுக்கு 44,000க்கும் மேற்பட்ட புகார்கள். பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். விளம்பரதாரர் விலகினார். ஷில்பா வென்றார், ஜேட் ஊரே வெறுக்கும் ஆளானார்.

அடுத்த வருடம் இந்தி பிக்பாஸின் இரண்டாவது சீசன். தொகுப்பாளர் ஷில்பா ஷெட்டி. போட்டியாளராக வந்திறங்கினார் ஜேட். வந்த ஓரிரு நாளில், 2008 ஆகஸ்டில், கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற பரிசோதனை முடிவு லண்டனிலிருந்து வந்தது. அந்த வீட்டுக்குள் வைத்தே, கேமரா ஓடிக்கொண்டிருக்க, அவருக்குச் சொன்னார்கள். உடனே ஊர் திரும்பினார். 2009 மார்ச் 22 அன்று இறந்தார். வயது 27. சாகும் வரை கேமராவை விடவில்லை. கல்யாணத்தைக்கூட விற்றார், இரண்டு மகன்களின் படிப்புக்காக என்று சொல்லி. அதை அருவருப்பாகப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் 2008 நடுப்பகுதிக்கும் 2009 நடுப்பகுதிக்கும் இடையில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 5 லட்சம் கருப்பைவாய்ப் பரிசோதனைகள் கூடுதலாக நடந்தன என்று பின்னால் வந்த ஆய்வு கணக்கிட்டது. நோட்டீஸ் ஒட்டியும் கடிதம் போட்டும் வராத பெண்கள், அவர்கள் கேலி செய்த ஒருத்தியைப் பார்த்து வந்தார்கள்.

இதில் டிவி நல்லதா கெட்டதா? முதலில் அவரை மேய்ந்தது, அப்புறம் அவர் வழியாகச் சில உயிர்களைக் காப்பாற்றியது. இரண்டும் நடந்தன. முதலாவதுக்கு இரண்டாவது ஈடாகிவிடும் என்று மட்டும் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எதிர்முனையில் ஜப்பான் இருக்கிறது. 'டெரஸ் ஹவுஸ்' என்ற நிகழ்ச்சியில் இருந்த மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா, ஒரு எபிசோடில் சக போட்டியாளரிடம் கோபப்பட்டார். தன் மல்யுத்த உடையை அவர் தவறுதலாகத் துவைத்துப் பாழாக்கிவிட்டதால் வந்த கோபம். அதற்காக இணையத்தில் அவர்மேல் கொட்டிய வசை நின்றபாடில்லை. 2020 மே மாதம், 22 வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 2022இல் ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, பொதுவெளியில் ஒருவரை இழிவுபடுத்துவதற்கு ஓராண்டு வரை சிறை என்று ஆக்கியது. பிரிட்டனிலும் ஒரு பஞ்சாயத்து நிகழ்ச்சி 2019இல் மூடப்பட்ட பிறகு, பங்கேற்பவர்களின் நலனைச் சேனல்கள் கவனித்தாக வேண்டும் என்று ஆஃப்காம் 2021இல் விதி கொண்டுவந்தது.

நம் ஊரில் எழுத்தில் தெளிவாக இருப்பது குழந்தைகளுக்கான விதிதான். 2017ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் திருத்த விதிகள்படி ஒரு குழந்தைக் கலைஞரை நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் இரவு ஒன்றரை மணி ஃபுட்டேஜ் எத்தனையோ முறை என் மேசைக்கு வந்திருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை, மேக்கப்போடு, கண் சொருகி, அம்மா மடியில். அந்த ஷாட்டையும் 'க்யூட்' என்று வைத்துக்கொண்டோம்.

பாட்டுப் போட்டிகளைக் குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. 2006இலிருந்து ஓடுகிற சூப்பர் சிங்கர் இல்லாவிட்டால், சபா வாசலே மிதிக்காத பல பிள்ளைகளின் குரலை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். 2018இல் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும் கிராமத்து உடையோடு வந்து மக்களிசை பாடி, கடைசியில் செந்தில் பட்டம் வென்றார். அதுவரை திருவிழா மேடையில் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் பாடிக்கொண்டிருந்த பல குழுக்களுக்கு அதற்கப்புறம் கூப்பிடுகிறவர்கள் கூடினார்கள் என்று அந்தத் துறை நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2015இல் ஜூனியர் மேடைக்குக் கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிகா பாடியபோது, புலம்பெயர்ந்த வீடுகளில் அது வெறும் பாட்டாக இருக்கவில்லை. இதையெல்லாம் கழித்துவிட்டு ரியாலிட்டி ஷோ என்றாலே குப்பை என்று சொல்வது எனக்கு ஒத்துவராது. திறமைக்கு மார்க் போடும் நிகழ்ச்சியையும் குணத்துக்கு மார்க் போடும் நிகழ்ச்சியையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். இன்றைக்குப் பாட்டுப் போட்டிக்குள்ளும் வறுமைக் கதை, அப்பா குடிகாரர், வீடு ஒழுகுகிறது என்று இரண்டாவது வகை நுழைந்துவிட்டது என்பதுதான் வருத்தம். குழந்தை பாடியது மூன்று நிமிடம், அதன் வீட்டுக் கஷ்டம் எட்டு நிமிடம்.

செய்திச் சேனல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் 'பிக்பாஸ் வீட்டில் நடந்தது என்ன' என்று இவர்களும் ஓட்டுகிறார்கள். ராத்திரி விவாதத்தில் ஒரே நேரத்தில் நால்வர் கத்தும் வடிவமும் எங்களிடமிருந்து போனதுதான். யாருடைய மைக்கை எப்போது திறப்பது என்ற கணக்கு ஒன்றேதான்.

இனி உங்கள் வீட்டுச் சண்டை. அம்மா பார்க்கட்டும். அவருக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும், அதை அணைக்கும் அதிகாரம் அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. முடிந்தால் நீங்களும் அப்பாவும் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு சின்ன விளையாட்டு சொல்லித் தருகிறேன். யாராவது கடுமையாக ஒன்று சொல்லும்போது, சொல்கிறவர் முகம் திரையில் இருக்கிறதா பாருங்கள். குரல் மட்டும் வந்து, திரையில் வேறு யாராவது திகைத்து நின்றால், அந்த வாக்கியம் இரண்டு வாக்கியங்களை ஒட்டிச் செய்ததாக இருக்கலாம். திகைத்தவர் வேறெதற்கோ திகைத்திருக்கலாம். பிக்பாஸ் வீட்டில் கடிகாரம் மாட்டியிருக்க மாட்டார்கள், அதனால் காலையா மாலையா என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் தலைமுடி இருக்கிறது. ஒரே சண்டையில் ஒரு ஷாட்டில் முடி ஈரமாகவும் அடுத்த ஷாட்டில் காய்ந்தும் இருக்கிறதா, மேசையில் டீ கிளாஸ் நிறைந்து குறைந்து மறுபடி நிறைகிறதா என்று தேடுங்கள். நாங்கள் ஒன்றும் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை. ஒரு எபிசோடுக்கு இரண்டு மூன்றாவது சிக்கும்.